பிறந்த இடம்: புசல்லாவை

போன இதழில் ஒருவர் பாஸ்போட் பற்றி ஒரு கேள்வி கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பதில் சொல்லிவிட்டேன். இந்த மாதத் தபால் பையில் பாதிக்கு மேல் அதே பேச்சு. ஆகவே பலாக்கொட்டைக் கறிக்குத் தேங்காய்ப் பால் எப்போது ஊற்றுவது என்று கேட்ட மாத்தளை அக்கா ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கண்டியில் நகைப்பட்டறையில் வேலை. இந்தியப் பாஸ்போட் முடியப்போகிறது. புதுப்பிக்க ஊருக்குப் போக வேண்டுமா, கொழும்புக்குப் போக வேண்டுமா?
– பட்டறைக்காரர், கண்டி

இரண்டும் வேண்டாம் தம்பி. கண்டி வாவிக்கு மேலே ராஜபிஹில்ல மாவத்தையில் ஏறினால் போதும். உதவி இந்தியத் தூதரகம் அங்கேதான் இருக்கிறது. ஒன்லைனில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்து வைத்து, போட்டோ, பழைய பாஸ்போட், இலங்கை வதிவிட வீசாப் பக்கத்தின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேடு என்பதால் ஆட்டோக்காரர் கூடக் கேட்பார். அது தூதரகக் கட்டணத்தில் சேராது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புதுப்பித்தல் என்று நாம் வாய்ச்சொல்லாகச் சொல்கிறோமே தவிர, பழைய புத்தகத்தில் எதையும் புதுப்பிப்பதில்லை. புதிய புத்தகம், புதிய இலக்கம். பழையதை ரத்துச் செய்து உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

பாஸ்போட் பத்து வருஷம் செல்லும் என்கிறார்கள். எப்போது புதுப்பிக்கத் தொடங்கலாம்?
– இந்திய ஆசிரியை, குண்டசாலை

பத்து என்று அச்சடித்திருப்பதை ஒன்பதரை என்று வாசிக்கப் பழகுங்கள். இலங்கைக்குள் நுழைய ஆறு மாதமாவது உயிர் மிச்சம் இருக்க வேண்டும். இன்னும் பல நாடுகளிலும் அதே கணக்கு. இந்தியப் பாஸ்போட் என்றால் முடிகிற திகதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தவிர, உங்கள் வதிவிட வீசா பாஸ்போட்டின் ஆயுளைத் தாண்டி ஒரு நாளும் ஓடாது. பாஸ்போட் சாகிற அன்றைக்கு வீசாவும் உடன்கட்டை ஏறிவிடும்.

புதுப் பாஸ்போட் வந்துவிட்டது. வீசா பழையதில் இருக்கிறது. என்ன செய்ய?
– அதே ஆசிரியை. (ஒரே உறையில் இரண்டு கேள்வி, முத்திரைச் செலவு மிச்சம்.)

பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய் வீசாவைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டு புத்தகத்தையும் ஒரு றப்பர் பட்டியில் போட்டு வையுங்கள். தவிலும் நாதஸ்வரமும் மாதிரி, ஒன்றைத் தனியாகக் கொண்டுபோனால் கச்சேரி நடக்காது.

பாஸ்போட் படத்தில் சிரிக்கலாமா?
– கல்லூரி மாணவி, பேராதனை

கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், பின்னால் எதுவும் தெரியக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் ஏசும்போது எப்படி நிற்பீர்களோ அப்படி நின்றால் சரி.

படம் எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். போன தடவை ஒரு ஸ்டூடியோப் பையன் என்மேல் உள்ள மரியாதையில் என்னைக் கணினியில் வெளுத்து, கன்னத்து மச்சத்தையும் துடைத்து எடுத்துவிட்டான். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘யார் இந்தப் பிள்ளை, நல்ல இடமா?’ என்று கேட்டார்.

கண்டியில் பாஸ்போட், வீசா எதுவும் இல்லாமல் நீண்ட காலம் தங்கிய வெளிநாட்டுக்காரர் யார்?
– வினாவிடைப் பிரியர், கெலிஓயா

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தாரே, ரொபர்ட் நொக்ஸ்! 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பல் ஒதுங்க, இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1679இல் தப்பி ஓடும்வரை பத்தொன்பது வருஷமும் சொச்சமும். இடையில் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், எலதெத்தையில் வீடும் தோட்டமும் வைத்தார். வெளியேறு என்று யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. அவருக்கு இருந்த பிரச்சினை நேர்மாறு: போக விடமாட்டேன் என்றார்கள்! கடைசியில் அனுராதபுரக் காட்டு வழியாக அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார்.

கண்டியின் கடைசி ராஜா வேலூருக்குப் போனபோது என்ன ஆவணத்தில் போனார்?
– அதே பிரியர்

பிரித்தானியர் செலவில், போக மட்டும் டிக்கெட். 1816இல் போனவர், 1832இல் அங்கேயே கண்ணை மூடினார்.

மகன் கட்டாரில் ஓட்டுநர். இலங்கைப் பாஸ்போட் முடியப்போகிறது. ஊருக்கு வந்துதான் எடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், அக்குறணை

வர வேண்டியதில்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கொடுக்கலாம். ஆனால் புத்தகம் அங்கே அச்சாவதில்லை. விண்ணப்பம் கொழும்புக்கு வந்து, பாஸ்போட்டாகித் திரும்பிப் போக வேண்டும். மகனைவிட அவருடைய விண்ணப்பம் முதலில் ஊரைப் பார்த்துவிடும். அதனால் நாலைந்து மாதம் கையில் இருக்கும்போதே தொடங்கச் சொல்லுங்கள். முதலாளி விடுமுறை தருவார் என்று நம்பி இருக்க வேண்டாம். லீவில் வருகிறார் என்றால் கண்டிப் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. முதலில் ஒன்லைனில் நாள் பிடித்துவிட்டு வரட்டும். 2024இல் வெற்றுப் புத்தகம் தட்டுப்பாடானபோது, பத்தரமுல்லையில் சனம் பாய் தலையணையோடு இரவுகளைக் கழித்தது ஞாபகம் இருக்கும்தானே?

என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும்தான். ஒன்லைன் படிவம் ‘குடும்பப் பெயர்’ கேட்டு அடம் பிடிக்கிறது. என்ன எழுத?
– இந்தியப் பிரஜை, கட்டுகஸ்தோட்டை

தமிழனைப் பாஸ்போட் படிவம் தோற்கடிக்கிற இடம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், முன்னால் அப்பாவின் ஓரெழுத்து. வெள்ளைக்காரன் போட்ட கட்டத்தில் இரண்டு பெட்டி. ஒன்றை வெறுமையாக விட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இடிக்கும். அமெரிக்க வீசாவில் அந்தப் பெட்டிக்குள் ‘முதற்பெயர் தெரியாது’ என்று பொருள்படும் மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். பெற்ற தாய் ஆசையாக வைத்த பெயர் அங்கே தெரியாத பெயர் ஆகிவிடும். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போட்டோடு சுற்றுலா வீசாவில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று சொல்லிவிட்டது.

ஆகவே அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் எழுதுங்கள். பின்விளைவு ஒன்று உண்டு. வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒலிபெருக்கி உங்கள் அப்பாவைக் கூப்பிடும். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும் எழுந்து போகவேண்டியது நீங்கள்தான்.

இது இந்தியருக்கு மட்டுமான தலையிடி அல்ல. தோட்டப் பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். ஒரே லயத்தில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு அப்பா பெயர் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பதிந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ‘லெட்சுமி’ என்ற ஒரு பெயருக்கு நானே ஆறு எழுத்துக்கூட்டல் எண்ணியிருக்கிறேன். பாஸ்போட்டுக்குப் போகுமுன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் விரித்து வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிசகு இருந்தால் திருத்தம், அல்லது சத்தியக் கடதாசி. கவுன்டரில் நின்று ‘எல்லாம் ஒரே ஆள்தான் ஐயா’ என்று சத்தியம் செய்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெரஹராக் கூட்டத்தில் பாஸ்போட் தொலைந்தால்?
– இந்தியாவிலிருந்து வரவிருக்கும் சித்தப்பாவுக்காக, வத்தேகம

முதலில் பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதியோடு தூதரகம். உடனே ஊர் திரும்ப வேண்டும் என்றால், ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் ஓர் அவசரச் சான்றிதழ் தருவார்கள். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: பெரஹராவுக்குப் போகும்போது பாஸ்போட் பிரதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அசலை வீட்டில் விட்டுவரட்டும். யானை பார்க்கப் பாஸ்போட் தேவையில்லை.

பக்கத்து வீட்டு இங்கிலாந்துத் தாத்தா பாஸ்போட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுப் பதறிக்கொண்டிருக்கிறார். உதவ முடியுமா?
– நல்ல அயலவர், திகன

தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். அவர்களுடையது பிரித்தானியாவில் தயாராகித்தான் வர வேண்டும். அதுவரை வங்கி, வீசா, வைத்தியசாலை எங்கே போனாலும் ‘பாஸ்போட் எங்கே’ என்பார்கள். கொடுக்குமுன் எல்லாப் பக்கத்துக்கும் பிரதி எடுத்து வைப்பதுதான் ஒரே மருந்து. அவர் ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கான ‘மை ட்ரீம் ஹோம்’ வீசாவில் இருக்கிறார் என்றால், புதுப் புத்தகம் வந்தவுடன் அதையும் மாற்ற வேண்டும்.

பொழுதுபோக்குக்கு, தலதா மாளிகைக்கு அருகே உள்ள பழைய பிரித்தானியர் மயானத்துக்கு அழைத்துப் போங்கள். இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்ட ஏழாவதும் கடைசியுமான ஐரோப்பியர் என்று சொல்லப்படும் ரொபர்ட்சன், 1856 முதல் அங்கேதான் படுத்திருக்கிறார். எந்தப் புதுப்பித்தலும் தேவைப்படாத குடியிருப்பாளர். (தாத்தாவின் மனநிலை பார்த்து முடிவு செய்யுங்கள்.)

நாங்கள் இருவரும் இந்தியர். குழந்தை பேராதனை ஆஸ்பத்திரியில் பிறந்தது. இலங்கைப் பாஸ்போட் கிடைக்குமா?
– புது அப்பா, கண்டி

கிடைக்காது. இலங்கையில் பிறந்தால் மட்டும் பிரஜையாகிவிட முடியாது. பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் ராஜபிஹில்ல மாவத்தைக்குப் போய்க் குழந்தையின் பிறப்பை இந்தியப் பிரஜையாகப் பதிந்துவிட்டு, அங்கேயே பாஸ்போட்டுக்கும் கொடுங்கள். சிறுபிள்ளைக்கு ஐந்து வருஷம்தான் தருவார்கள். அதற்குள் முகமே மாறிவிடும் அல்லவா?

இந்தப் ‘பிறந்தால் போதாது’ என்ற சட்டம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

ஐயா, எங்கள் தாத்தாவின் பழைய தகரப் பெட்டியில் ஓர் இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. அவர் தெல்தோட்டையை விட்டு எங்கும் போகாதவர். அதைப் புதுப்பிக்க முடியுமா? எனக்கு ஏதும் உரிமை உண்டா?
– பேரன், தெல்தோட்டை

இந்தக் கடிதத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, என் பெரியப்பாவுடையது. அட்டையில் அசோகச் சின்னம், உள்ளே எல்லாம் கையெழுத்து, நீல மை கொஞ்சம் ஊறியிருக்கிறது. கோட் போட்ட படம். கோட் ஸ்டூடியோக்காரருடையது, தோள் இரண்டு விரல் கூட. நாட்டினம்: இந்தியர். பிறந்த இடம்: புசல்லாவை. இந்த இரண்டு வரியும் ஒரே பக்கத்தில்.

எப்படி வந்தது இது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததை, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. தோட்டத்தில் யாரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? ஒரே சட்டத்தில் மலைநாட்டுத் தோட்டங்களின் தமிழ்ச் சனத்தில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 975,000 பேர். 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திராவும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பங்குபோட்ட வீட்டில் பாத்திரம் பிரிப்பது போலத்தான். யாருக்கு எந்தப் பக்கம் என்று பாத்திரத்தைக் கேட்கிற வழக்கம் இல்லை.

இந்தியா என்று எழுதிக் கொடுத்தவர்கள் பாஸ்போட்டுக்காக வந்தது கண்டிக்கு. இன்றைக்கு நகைப்பட்டறைத் தம்பி ஏறப்போகிற அந்த அலுவலகம் 1923இல் இந்திய அரசின் முகவர் அலுவலகமாகத் தொடங்கியது. முதல் வேலையே தோட்டத் தொழிலாளர் விவகாரம்தான். பாஸ்போட் கையில் வந்தபின் பெட்டி கட்டி, மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். அங்கே ‘இராமானுஜம்’ கப்பல், அந்தப் பக்கம் இராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறுகிறவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். பெரியப்பாவின் தம்பி அதில் போனார். பெரியப்பா, பெரியம்மாவின் பிரசவம் முடியட்டும், அறுவடை முடியட்டும், மூத்தவளின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். 1984இல் யுத்தம் காரணமாகக் கப்பல் நின்றது.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கையில் இந்தியப் பாஸ்போட், ஆகவே இலங்கையில் அவர் வெளிநாட்டவர். பிறந்த தோட்டத்தில், பிறந்த லயத்தில் தங்குவதற்குத் தற்காலிக வதிவிட அனுமதி. அது முடிந்தால் நீட்டிப்பு. தன் ஊரில் தங்க வீசா எடுத்த மனிதரை நான் ஒரே கூரையின் கீழ் பார்த்து வளர்ந்தேன்.

2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வாரிசுகளும் இலங்கைப் பிரஜைகள். இந்தியப் பாஸ்போட் எடுத்தும் போகாதவர்களுக்கும் அது பொருந்தியது. நடமாடும் முகாம்கள் போட்டுப் பத்து நாளில் 190,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். பறித்தது 1948இல், திருப்பிக் கொடுத்தது 2003இல், வேலைக்குத் தேவைப்பட்டது பத்து நாள். பாஸ்போட் வைத்திருந்தவர்கள் ஒரு பிரகடனத்தில் காரணமும் எழுத வேண்டியிருந்தது: பாஸ்போட் பெற்ற பிறகும் ஏன் இலங்கையில் தங்கினீர்கள்? பெரியப்பா யோசிக்கவே இல்லை. இரண்டே சொல் எழுதினார்: ‘கப்பல் இல்லை.’

சரி, உன் கேள்விக்கு வருகிறேன் தம்பி. தாத்தாவின் பாஸ்போட்டைப் புதுப்பிக்க முடியாது. அவர் இலங்கைப் பிரஜாவுரிமை பெற்றபோதே இந்தியக் குடியுரிமை போய்விட்டது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. தவிர, கையால் எழுதிய பாஸ்போட்டுகள் 2015 நவம்பர் 24க்குப் பிறகு சர்வதேசப் பயணத்துக்குச் செல்லாது. ஆனாலும் எறிந்துவிடாதே! இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை ‘ஓ.சி.ஐ.’ எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. ஆயுள் முழுக்க வீசா இல்லாமல் போய்வரலாம். அதற்கு நீ காட்ட வேண்டிய சாட்சிகளில் முதலாவது அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. உன்னுடைய, அப்பாவுடைய பிறப்புச் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டு ராஜபிஹில்ல மாவத்தைக்குப் போய்க் கேள். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலை மறக்காமல் ஒப்பிட்டுக்கொள்.

அதற்கும் முந்தின காலத்தில் நம் ஆட்கள் பாஸ்போட் இல்லாமல் எப்படி வந்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாவலப்பிட்டி

கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள் ஐயா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட இலக்கம் அடித்த தகர வில்லை ஒன்று; அதுதான் டிக்கெட், அதுதான் அடையாளம். தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் முகாமில் வைத்து, நோய் பார்த்து அனுப்பினார்கள். வந்தபின் தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டுகிறவர் கூட்டிப் போகலாம் என்று துரை எழுதிய சீட்டு. 1921இல் அதை ஒழித்தார்கள். இரண்டு கரைக்கும் நடுவே பாஸ்போட்டும் வீசாவும் கட்டாயமானது 1949 நவம்பரிலிருந்துதான். அதே மண்டபம் முகாம் பின்னாளில் இங்கிருந்து ஓடிப்போன அகதிகளுக்கு வாசலானது. அதைப் பற்றித் தனி இதழே போடலாம்.

எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, உங்கள் பாஸ்போட் எப்போது முடிகிறது?
– உங்கள் மனச்சாட்சி, அம்பிட்டிய

உங்கள் கடிதம் கண்டபின் எடுத்துப் பார்த்தேன். போன வைகாசியில் முடிந்துவிட்டது. நாளைக் காலையில் ஸ்டூடியோவுக்குப் போகிறேன். மச்சத்தை விட்டுவைக்கச் சொல்லி முன்கூட்டியே போன் பண்ணியிருக்கிறேன். மாத்தளை அக்கா, தேங்காய்ப் பால் கடைசியில்.